துறைமுகத்தோடு முடிந்துபோகும் குறிப்புகள்

இலண்டன் வீதிகளில் ஒரு காலத்தில் ஓடிய ஆர்.டி. குடும்பத்து இரட்டைத்தட்டு பஸ்கள் மொத்தம் 6,956. 1939க்கும் 1954க்கும் இடையில் கட்டப்பட்டவை. அவற்றில் ஏறத்தாழ ஒவ்வொன்றுக்கும் அந்நாட்டு ஆர்வலர்கள் ஒரு சாதகக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த மாதம் எந்தப் பணிமனைக்கு வந்தது, எப்போது உடற்கூடு மாற்றப்பட்டது, எப்போது சேவையிலிருந்து நீக்கப்பட்டது என்பனவெல்லாம் அதில் இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு செய்த வேலையல்ல இது. மழையிலும் குளிரிலும் வீதியோரம் நின்று இலக்கம் குறித்துக்கொண்ட சாதாரண மனிதர்களின் வேலை. அந்தப் பட்டியல்களில் நூற்றுக்கணக்கான பஸ்களுக்கு எதிரே கடைசி வரி ஏறக்குறைய ஒன்றேதான். இலங்கைப் போக்குவரத்துச் சபைக்கு விற்கப்பட்டது என்பதே அது.

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இ.போ.ச. பிறந்தது. புதிய சபைக்கு அவசரமாக வண்டிகள் தேவைப்பட்டன; இலண்டனோ பழைய வண்டிகளைக் கழித்துக்கொண்டிருந்தது. கப்பல் கப்பலாக வந்து இறங்கின. அதன் பிறகு அவை எந்தெந்த ஊர்களுக்குப் போயின, எங்கே உடைந்தன, எந்த வண்டியின் இயந்திரம் எந்த வண்டிக்கு மாறியது என்று கேட்டால், எழுதி வைத்தவர் எவருமில்லை. அவர்களுடைய குறிப்பு கொழும்புத் துறைமுகத்தோடு முடிகிறது. நம்முடைய குறிப்பு தொடங்கவேயில்லை.

இதை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று நம்மில் பலர் சொல்லக்கூடும். நான் அப்படி நினைக்கவில்லை. நம் நாட்டில், அதிலும் வடக்கிலும் கிழக்கிலும், ஒரு வாகனம் எங்கே போனது என்று தேடப்புகுந்தால் அது அந்த வாகனத்தோடு நிற்பதில்லை என்பதே என் அனுபவம்.

முதலில் இலக்கத்தகட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சீ.ஈ., சீ.எல்., ஈ.வை., ஈ.என். என்று ஆங்கில எழுத்துகளோடு இன்றும் எங்காவது ஒரு பழைய கார் கண்ணில் படுமானால், அது 1957க்கு முன் பதிவானது என்று அறியலாம். இலங்கையின் ஆங்கிலப் பெயரான சிலோன் என்பதன் எழுத்துகளைச் சோடி சேர்த்து உண்டாக்கிய வரிசை அது. 1957 ஜனவரி முதல் சிங்கள ஸ்ரீ எழுத்து தகட்டில் ஏறியது. அதற்கு அடுத்த ஆண்டு தமிழ்ப் பிரதேசங்களில் நடந்த தார் பூசும் போராட்டமும், தெற்கில் அதற்கு எழுந்த பதிலும், மே மாதக் கலவரமும் வாசகர்கள் அறிந்தவை. ஒரு நாட்டின் இனப்பிரச்சினை மோட்டார் வாகனத்தின் நெற்றியில் எழுதப்பட்ட இடம் உலகில் வேறு உண்டோ தெரியாது. புதிதாகப் பதிந்த வாகனங்களுக்கே அந்த எழுத்து வந்ததால், முன்பே வாங்கியவர்கள் பழைய தகட்டோடு ஓடினார்கள். யாழ்ப்பாணத்தில் இப்போது அரிதாகிவிட்ட ஒஸ்டின் ஏ-40 சோமர்செட் கார்கள் பல இந்தப் பழைய தகட்டுக்காரர்களே.

இந்த ஏ-40 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரித்தானியாவின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை மட்டுமே உற்பத்தியான கார் அது. மூன்றாண்டுக்குள் ஓர் இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல் செய்தார்கள். உருண்டு திரண்ட உடல், 1,200 கன சென்ரிமீற்றர் இயந்திரம், சுக்கானின் அருகில் கியர்த் தண்டு. செய்த நாட்டிலேயே பெரும்பாலானவை அறுபதுகளின் முடிவுக்குள் துருப்பிடித்து இரும்புக் கடைக்குப் போய்விட்டன. நம்மிடம் அவை தங்கியதற்குக் காரணம் அன்பு அல்ல, வழியின்மை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை இருந்ததைக் கொண்டே ஓட வேண்டியிருந்தது. அந்த இடைக்காலத்தில் உபாலி விஜேவர்தன மஸ்டாவையும் பியட்டையும் உள்ளூரில் பொருத்தித் தன் பெயரிலேயே விற்றார். 1983 பெப்ரவரியில் கோலாலம்பூரிலிருந்து திரும்பும் வழியில் அவர் தம் விமானத்தோடு மலாக்கா நீரிணைக்கு மேல் காணாமற் போனார். அந்தக் கார்களும் இன்று ஏறத்தாழக் காணாமற் போனவைதான்.

1977க்குப் பின்னர் ஜப்பான் கார்கள் வந்து குவிந்தபோது ஏ-40இன் காலம் முடிந்திருக்க வேண்டும். தெற்கில் முடிந்தது. வடக்கில் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தடை வந்தது. பெற்றோல் போத்தலில் அளந்து விற்கும் பொருளாயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் ஓரளவு கிடைத்தது. அப்போதுதான் புதிய ஜப்பான் கார்கள் வீட்டு முற்றத்தில் கற்களின் மேல் ஏற, கொட்டிலில் கிடந்த ஏ-40உம் மொறிஸ் மைனரும் வீதிக்கு இறங்கின.

காரணம் இலகுவானது. மண்ணெண்ணெய் அதிக அழுத்தத்தைத் தாங்காது. தானாகவே வெடித்து இயந்திரத்தைத் தட்டும். பழைய பிரித்தானிய இயந்திரங்களின் அழுத்த விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவை அண்டியது. அவை முனகிக்கொண்டேனும் அதை ஏற்றுக்கொண்டன. சிறிய போத்தலில் வைத்திருக்கும் சில துளி பெற்றோலைக் குழாய் வழியாக ஊட்டி இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நீலப் புகை, கண்ணெரிச்சல், இடைக்கிடை அணைந்துபோதல், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இயந்திர எண்ணெயை நீர்க்கச் செய்தல் என எல்லாம் உண்டு. ஆனால் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போன பெண்கள் அந்தக் கார்களில்தான் போனார்கள்.

இதை யாழ்ப்பாணத்தவரின் தனிக் கண்டுபிடிப்பு என்று பெருமை பேசுபவர்கள் உண்டு. பெருமை நியாயமானதே, ஆனால் அதைவிடச் சுவையான ஒரு செய்தி இருக்கிறது. பிரித்தானிய விவசாயிகளின் போர்ட்சன், பெர்குசன் உழவு இயந்திரங்களில் பல இதே முறையில் இயங்கும்படியே தொழிற்சாலையிலிருந்து வந்தன. பெற்றோலுக்கு ஒரு சிறு தாங்கி, மண்ணெண்ணெய் போன்ற மலிவான எண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கி, இடையில் ஒரு திருகுபிடி. பெற்றோலில் தொடங்கி, சூடானதும் திருகி மாற்ற வேண்டும். உழவு இயந்திரம் திருத்திப் பழகிய கைகள் காரில் அதைச் செய்வது பெரிய காரியமல்ல. ஒரு வயற்கிராமத்து மெக்கானிக்கின் அறிவு எப்படி ஒரு முற்றுகையைக் கடக்க உதவியது என்பதை எந்த இயந்திரவியல் மாணவராவது ஆய்வேடாக எழுதியிருக்க வேண்டாமா?

இதே காலத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1990களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர், இலங்கையின் தெற்கில் உள்ளூர்ப் பங்காளி ஒருவரோடு சேர்ந்து அந்தக் காருக்கான உதிரிப்பாகங்களைச் செய்யத் தொடங்கினார். அவை கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. ஒரே தீவு, ஒரே கார், ஒரே ஆண்டுகள். தெற்கிலிருந்து மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகம் உலகச் சந்தைக்குப் போனது. ஆனையிறவைத் தாண்டி ஒரு தீப்பொறிச் செருகி வருவது குதிரைக்கொம்பாக இருந்தது.

2002இல் ஏ-9 வீதி திறந்தபோது செய்தி சேகரிக்க யாழ்ப்பாணம் போயிருந்தேன். ஆஸ்பத்திரி வீதியருகே வரிசையாக நின்ற அந்தக் கார்களைப் பார்க்கத் தெற்கிலிருந்து வந்தவர்கள் கூடி நின்றார்கள். புகைப்படம் எடுத்தவர்கள் சிலர். விலை கேட்டவர்கள் பலர். அப்போதும், 2009க்குப் பிறகும், அவற்றில் கணிசமானவை லொறிகளில் ஏறித் தெற்கே போயின. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மகளின் கலியாணத்துக்கும் மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. ஓட்டிக் களைத்தவர்களுக்கு ஒரு முச்சக்கரவண்டி அதைவிடப் பயன்தரும்.

என் மனத்தாங்கல் வாங்கியவர்கள் செய்த காரியத்தைப் பற்றியது. காரை "மூலநிலைக்கு" மீட்பது என்ற பெயரில் அவர்கள் முதலில் கழற்றி எறிவது எதை? மண்ணெண்ணெய்க்காகப் பொருத்திய மேலதிகக் குழாயையும் திருகியையும். பதுங்குகுழிக்குக் கூரையாக இருந்து பின்னர் கதவுக்கு ஒட்டுப்போட வந்த தகரத்தையும். பற்றரி இல்லாத நாளில் செய்த ஒப்பனைகளையும். 1953இல் லோங்பிரிட்ஜில் எப்படி இருந்ததோ அப்படியே மினுக்கி, கலியாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள். 1953இல் இருந்த நிலையில் அந்தக் கார் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? இலட்சத்து எழுபதாயிரத்தில் ஒன்று. 1993இல் இருந்த நிலையில்தான் அது உலகில் வேறெங்கும் இல்லாத பொருள். ஆக, மீட்டல் என்ற பெயரில் நடப்பது அழித்தல். மினுக்குவதற்கு முன் நான்கு படங்களையாவது எடுத்து வைக்கும்படி வாங்கியவர்களைக் கேட்கலாம். இதற்குச் சட்டம் வேண்டியதில்லை.

யாழ்ப்பாணக் காரின் கதையையாவது வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் வந்து எழுதினார்கள். எங்கள் கொட்டியாரப் பக்கத்து வாகனங்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை.

தோப்பூர் கார்களின் ஊர் அல்ல, வயல்களின் ஊர். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை, திருகோணமலை பட்டினத்துக்குப் போக வேண்டுமானால் மூதூரிலிருந்து கடல்வழியாக லோஞ்சில் போக வேண்டும். அல்லது இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒன்றன்பின் ஒன்றாகப் "பாதை" ஏற வேண்டும். மற்றத் தமிழ் நாட்டவருக்காகச் சொல்கிறேன்: ஆற்றைக் கடக்க வாகனங்களை ஏற்றும் மிதவைக்கு இங்கே பாதை என்று பெயர். தமிழில் இவ்வளவு பொருத்தமான ஆகுபெயர் குறைவு. இந்தப் பாதைகளைக் கடந்து வந்த வாகனம் திரும்பிப் போவது அரிது. வந்தது வந்ததாக இங்கேயே உழைத்து இங்கேயே உதிர்ந்தது.

அவற்றுள் முதலிடம் லேண்ட்மாஸ்டருக்கு. இன்று எந்த நாட்டில் செய்த இரு சக்கர உழவு இயந்திரமானாலும், அது குபோட்டாவானாலும் சீனத்ததானாலும், எங்கள் விவசாயிகளின் வாயில் லேண்ட்மாஸ்டர்தான். அது ஒரு கம்பனியின் பெயர் என்று தெரிந்தவர்கள் குறைவு. இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியைச் சேர்ந்த கம்பனி. 1950களில் அதற்காக அந்த இரு சக்கர இயந்திரத்தை உருவாக்கியவரோ கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்த இலங்கையரான ரே விஜேவர்தன (1924–2010). நம்மவர் ஒருவரின் மூளையில் பிறந்து, இங்கிலாந்தில் வார்க்கப்பட்டு, நமக்கே இறக்குமதியானது அது. பிற்காலத்தில் அவரே தம் படைப்பைக் கடுமையாக விமர்சித்தார். விவசாயத்தை இயந்திரமயமாக்குவதாக எண்ணி எருமை மாட்டைத்தான் இயந்திரமயமாக்கிவிட்டோம் என்ற பொருளில் பேசினார். எருமை கன்று போடும், சாணி போடும், பால் தரும். இயந்திரம் இவற்றில் எதையும் செய்யாது என்பது அவர் வாதத்தின் சாரம். இது சரியா தவறா என்று வேளாண்மை அறிந்தவர்கள் வாதிடட்டும். ஆனால் அந்த முதல் தலைமுறை இயந்திரங்களில் ஒன்றாவது எந்த நூதனசாலையிலாவது முழுதாக இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. ரயிலுக்கு 2014இல் கடுகண்ணாவையில் ஒரு நூதனசாலை வந்தது, நல்ல காரியம். நாட்டுக்குச் சோறு போட்ட இயந்திரத்துக்கு ஒரு கொட்டிலாவது கட்டலாம்.

லேண்ட்மாஸ்டர் உழுததோடு நிற்கவில்லை. பின்னால் பெட்டி பூட்டினால் அது லொறி. வைக்கோல் பரப்பினால் அம்புலன்ஸ். ஊர் கிளம்பும்போது அதுவே வீடு. 2006 ஓகஸ்டில் மாவிலாற்று அணைக்கட்டு விவகாரத்தைத் தொடர்ந்து மூதூரில் சண்டை மூண்டபோது, மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கும் கிண்ணியாவுக்கும் பெயர்ந்தார்கள். சம்பூர்ப் பக்கத்துத் தமிழ் மக்கள் வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் ஓடினார்கள். சம்பூரார் பலர் ஊர் திரும்ப ஒன்பது பத்து ஆண்டுகள் ஆயின. கிளம்பும்போது எரிபொருள் இருந்தவர்கள் இயந்திரத்தோடு கிளம்பினார்கள். மற்றவர்கள் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். திரும்பி வந்தபோது பலருக்கு இயந்திரம் நின்ற இடம் மட்டுமே இருந்தது.

இங்கேதான் என் பேச்சின் மையம். காணாமற் போன உழவு இயந்திரத்துக்கு நட்டஈடு கேட்கப் போனவரிடம் முதலில் கேட்கப்படுவது என்ன? பதிவுப் புத்தகம் எங்கே, செசி இலக்கம் என்ன, இயந்திர இலக்கம் என்ன? பழைய வாகனம் கைமாறும்போது நம்மவர்கள் பெயர் மாற்றுவதில்லை. கையொப்பமிட்ட படிவத்தை வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் படிவமும் 1990இல் ஒரு முறை, 2004 கடற்கோளில் ஒரு முறை, 2006இல் ஒரு முறை என்று போயிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, தம் இயந்திரத்தின் ஒவ்வொரு கீறலையும் சொல்லக்கூடியவர், இலக்கத்தைச் சொல்ல முடியாததால் வெறுங்கையோடு திரும்பினார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. "நம்மட மாட்டுக்காவது குறி சுட்டிருப்பம் தம்பி" என்றார்.

மனிதர்களையே தேடிக் களைத்துப்போன நாட்டில் இரும்பைத் தேடச் சொல்கிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2017 முதல் வீதியோரக் கொட்டகைகளில் பிள்ளைகளின் படத்தோடு அமர்ந்த தாய்மாரை நினைத்து அவர் கேட்டார் என்பது எனக்குப் புரிந்தது. கேள்வி நியாயமானது. ஆனால் அந்தத் தாய்மாரின் வாக்குமூலங்களைக் குறிப்பெடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல முடியும். அவற்றில் வாகனம் அடிக்கடி வரும். மகன் எந்த மோட்டார் சைக்கிளில் போனான், எந்த லொறியில் உதவியாளாகப் போனான், எந்த வானில் ஏற்றப்பட்டான். இந்நாட்டின் ஆட்கடத்தல்களுக்கு அடையாளமாகவே மாறிப்போனது ஓர் இறக்குமதி வாகனம்தானே? இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வான். தகடு கழற்றப்பட்டது ஏன் என்று யோசித்தால், பதிவேட்டுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பது விளங்கும். ஆளோடு சேர்ந்து மறைந்த லொறியின் இயந்திரம் வேறொரு மாகாணத்தில் வேறொரு பெயரில் ஓடிக்கொண்டிருக்கலாம். அதன் உலோகத்தில் வெட்டிய இலக்கம் பொய் சொல்லாது. காணாமற் போனோர் அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ஆட்களின் பட்டியலோடு அவர்களோடு மறைந்த வாகனங்களின் பட்டியலையும் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டோடு ஒப்பிட்டால் இரும்பைத் தேடியதாக ஆகாது.

முள்ளிவாய்க்காலிலும் புதுக்குடியிருப்பிலும் 2009க்குப் பின் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களை நாம் பார்த்தோம். பஸ், லொறி, உழவு இயந்திரம், ஆயிரக்கணக்கில் சைக்கிள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பம் கடைசியாக நின்ற இடத்தின் அடையாளம். பழைய இரும்பாக நிறுத்து விற்கும் முன் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுத எத்தனை எழுதுவினைஞர்கள் வேண்டியிருந்திருக்கும்? பத்துப் பேர்? இருபது பேர்?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. அந்த ஐந்தாண்டில் ஓடக்கூடிய எதற்கும் விலை ஏறியது; ஓடாதவை உதிரிப்பாகங்களுக்காகக் கழற்றப்பட்டன. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற தெற்கு நண்பர் ஒருவர் மண்ணெண்ணெயில் கார் ஓடுமா என்று தொலைபேசியில் கேட்டார். ஏ-40 இருந்தால் ஓடும் என்றேன். அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெயும் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது.

செய்யக்கூடியவை சில உண்டு. 1957க்கு முற்பட்ட பதிவேடுகளை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் மின்படியெடுத்து ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடலாம். உரிமையாளரின் அந்தரங்கம் என்று மறுப்பார்களானால், பெயரை மறைத்து ஊரையும் ஆண்டையும் இலக்கத்தையும் மட்டும் தரட்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவ்வளவு கேட்பதில் தவறில்லை. மறுமுனையில் வழி திறந்தே இருக்கிறது: இங்கிலாந்தின் கேய்டன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை, செசி இலக்கம் கொடுத்தால் மூலத் தயாரிப்பேட்டைப் பார்த்து, கார் எந்த நாள் கட்டப்பட்டது, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று சான்றிதழ் தருகிறது, கட்டணத்துக்கு. அந்தச் சான்றிதழின் கடைசி வரியோடு நம் பதிவேட்டின் முதல் வரியைப் பொருத்தும் வேலைதான் மிச்சம்.

புலம்பெயர்ந்த வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தகப்பனாரின் காரோடு நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் உங்கள் வீட்டு அல்பத்தில் இருக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து வெளியேறிய இரவில் அந்தக் கார் எங்கே விடப்பட்டது என்று அம்மாவுக்கு நினைவிருக்கும். தகட்டின் இலக்கத்தையும் அந்த இடத்தையும் இப்போதே எழுதி வையுங்கள். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிக் காட்டிய மெக்கானிக்குகளில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். பேச ஆளில்லாமல் கராஜ் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊருக்கு வரும்போது ஒரு மணி நேரம் அவர்களோடு போய் உட்காருங்கள், கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை அழுத்திவிட்டு.